மூன்றாவது அழைப்பு

அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'ஹலோ சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஐந்தே முக்கால் வரை அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் அதுதான். தொலைபேசித் துறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். அந்தத் துறையைச் சுருக்கியபோது, ஃபோனில் பேசத் தெரிந்தவர் என்ற ஒரே தகுதியில் இங்கே தூக்கிப் போடப்பட்டார்.

இங்கே என்றால் முறையீட்டு அலுவலகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சமூக வலைத்தளத்தில் யாராவது ஆபாசமாகவோ பீதி கிளப்பும்படியோ எதையாவது போட்டால், புகார் வந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அபராதம். அபராதத்துக்குப் பயந்து நிறுவனங்கள் புகார் வந்ததையெல்லாம் எடுத்தன, வராததையும் எடுத்தன. ஆள் வைத்துப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்று அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தன. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற படம் போனது. கசாப்புக் கடைக்காரர் கத்தி தீட்டுகிற வீடியோ போனது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். உடனே சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். பயனாளர் உரிமை என்று அதற்குப் பெயர். பதிவை இழந்தவர் முப்பது நாளுக்குள் அரசாங்கத்திடம் முறையிடலாம். அவர் தரப்பைக் கேட்காமல் முறையீட்டைத் தள்ளக் கூடாது.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்று விதிகளை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். நேரில் வரச் சொன்னால் கூட்டம் தாங்காது. அதனால் தொலைபேசி. மூன்று வெவ்வேறு நாளில் மூன்று முறை அழைக்க வேண்டும். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால் 'முறையீட்டாளர் பதிலளிக்கவில்லை' என்று எழுதி, கோப்பை மூடிவிடலாம்.

ஹலோ சாருக்கு ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு. கணினித் திரையில் பெயர், எண், எந்தப் பிரிவில் பதிவு எடுக்கப்பட்டது என்ற மூன்று விவரமும் வரும். அவர் அழைப்பார். "வணக்கம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பிப்பார். சிலர் அழுவார்கள். சிலர் அவர்தான் எடுத்துவிட்டார் என்று நினைத்துத் திட்டுவார்கள். ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் தன்னுடைய எந்தப் பதிவு போனது என்று அவரிடமே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு, இரண்டு வரியில் சுருக்கி, தட்டச்சு செய்து, முறையீட்டை விசாரிக்கிற குழுவுக்கு அனுப்ப வேண்டும். மாலையில் வலது காது சுடும். வீட்டுக்குப் போனால் ஃபோன் மணி அடித்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

"ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் பேசறீங்க. வீட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டையா?" என்பாள் மனைவி.

"கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு" என்பார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கண்காணிப்பாளர் அம்மா தன் அறைக் கதவிலிருந்தே குரல் கொடுத்தார். "ஹலோ சார், கீழ கவுண்டர்ல ஏதோ சத்தமா இருக்கு. அந்தப் பொண்ணு வேற லீவு. கொஞ்சம் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன். எனக்கு இந்த முழங்காலை வெச்சுக்கிட்டுப் படி இறங்க முடியல."

கீழே மனுக்களை வாங்கி முத்திரை குத்திக் கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி பேருந்து நடத்துனர் சீருடையில் இருந்தாள். தோளில் தோல் பை. நல்ல ஆகிருதி. குரல் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் போய்ப் பழகின குரல். இன்னொருத்தி மெலிந்தவள், நாற்பதுக்குள் இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது; கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். அவள் எதுவும் பேசவில்லை. ஜன்னலுக்குள் யார் வருகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அதிகாரியா?" என்றாள் நடத்துனர்.

"இங்க வேலை பாக்கறேன். என்னம்மா விஷயம்?"

"இவ என் நாத்தனார். தையல் கடை வெச்சிருக்கா. காது கேக்காது, பிறவியிலேயே. உங்க ஆபீஸ்லருந்து ஒரு காகிதம் வந்திருக்கு. அதுல என்ன எழுதியிருக்குனு நான் படிக்கறேன், நீங்களே கேளுங்க." அவள் மடிப்பு கலையாத தாளை ஜன்னல் திட்டில் விரித்து, விரலை வைத்து உரக்கப் படித்தாள். "'இரண்டு அழைப்புகள் துண்டிக்கப்பட்டன. மூன்றாவது அழைப்பில் எடுத்தவர் பதில் கூறாமல் விளையாட்டாக ஒலி எழுப்பினார். முறையீட்டில் அக்கறை இல்லை எனத் தெரிவதால் கோப்பு முடிக்கப்படுகிறது.' இதை எழுதின மகராசன் யாரு? அவரை ஒரு தடவை பாக்கணும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் நடத்துனரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹலோ சாருக்கு அந்த வாக்கியம் நன்றாகவே தெரியும். அவர் எழுதியதுதான். ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைக்கு முப்பத்தெட்டாவது அழைப்பு. எடுத்ததும் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். அது நின்றது. அப்புறம் ஒரு குரல். கரகரவென்று, மேலே ஏறி, கீழே விழுந்து, என்ன சொல்கிறது என்று புரியாத குரல். பிள்ளைகள் ஃபோனை எடுத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அதட்டிவிட்டு வைத்துவிட்டார்.

"அவர்... இன்னிக்கு லீவு" என்றார் ஹலோ சார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தாகிவிட்டது.

"அவர் லீவா இருக்கட்டும். நீங்களாவது கேளுங்க" என்றாள் நடத்துனர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "முதல் ரெண்டு தடவை இவதான் கட் பண்ணினா. கட் பண்ணிட்டு உடனே மெசேஜ் அனுப்பியிருக்கா. இங்க பாருங்க."

நாத்தனார் தன் கைப்பேசியை நீட்டினாள். 'எனக்குக் காது கேட்காது. தயவுசெய்து எழுத்தில் கேளுங்கள். உடனே பதில் சொல்கிறேன்.' இரண்டு நாளிலும் அதே வாசகம். அனுப்பியது அலுவலக எண்ணுக்கு. அந்த எண் மேசை மேல் இருக்கிற பழைய கம்பி ஃபோன். அதற்கு மெசேஜ் வராது. வந்தாலும் காட்டுவதற்கு அதில் திரை கிடையாது.

"மூணாவது நாள், இனிமேலும் கட் பண்ணினா தப்பா எடுத்துப்பாங்களோனு பயந்து, எடுத்துப் பேசியிருக்கா" என்றாள் நடத்துனர். "இவ பேசறதே கிடையாதுங்க. சின்ன வயசுல ஸ்கூல்ல ரெண்டு மூணு வார்த்தை பேசப் பழக்கினாங்களாம். மத்த பிள்ளைங்க சிரிச்சாங்கனு அதோட நிறுத்திட்டா. நான் கல்யாணம் ஆகி வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, இவ குரலை நான் கேட்டதில்லை. உங்க ஆபீஸுக்காக வாயைத் திறந்திருக்கா. காது கேக்காதுனுதான் சொல்லியிருக்கா. அதுக்கு இப்படி எழுதி அனுப்பியிருக்காங்க."

ஹலோ சார் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். பார்க்கிறேன், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னார். அலுவலகத்தில் யாரும் யாரிடமும் சொல்கிற வார்த்தைதான். அவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

மேலே வந்து அந்தக் கோப்பைத் திறந்தார். திரையில் வழக்கமாக வருகிற மூன்று விவரத்துக்குக் கீழே 'முழு மனு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பக்கம் திறக்க ஒரு நிமிஷம் ஆகும். நாளைக்கு நாற்பது அழைப்பு பேசுகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. அழுத்திவிட்டுக் காத்திருந்தார். மனுவின் கடைசியில், 'பிற விவரங்கள்' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: 'நான் காது கேளாதவள். தொலைபேசியில் பேச முடியாது. நேரில் வரச் சொன்னால் எந்த நேரமும் வருகிறேன்.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கட்டத்தை மறுபடி படித்தார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். சாதாரணமாக அலுவலக விஷயம் எதையும் சொல்லாதவர் என்பதால் அவள் அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஃபோன்ல என்னதான் சொன்னா?"

"காது கேக்காதுன்னு."

"உங்களுக்குமா கேக்கல?" என்றாள் மனைவி. குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனார். அந்த அம்மாள் நல்லவர்தான். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் எந்தக் கடிதமும் தலைமையகத்திலிருந்து தன் பெயருக்கு வராமல் கழிய வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை.

"மூடினது மூடினதுதான், ஹலோ சார். திறக்க விதி இல்லை."

"தப்பா மூடினதைத் திருத்தலாம்னு பதினாலாவது விதியில இருக்கு மேடம். எழுத்தர் தன் பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டால்னு போட்டிருக்கு."

"அதை யாரு ஒப்புக்கறது?"

"நான்தான் மேடம். நான்தான் மூடினேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "எழுதிக் கொடுத்தா மெமோ வரும், தெரியும்ல?"

"வரட்டும்."

"வரட்டும்னு சொல்றது சுலபம். அந்த மெமோவுக்கு மேற்குறிப்பு எழுதறது யாரு? நான்தான். உங்ககிட்ட விளக்கம் கேட்டேனா, எச்சரிச்சேனா, பயிற்சி கொடுத்தேனான்னு பதினோரு கேள்வி கேப்பாங்க." முழங்காலை ஒரு கையால் பிடித்து விட்டுக்கொண்டார். "என்ன வீடியோ அது? ஆபாசம்னுதானே எடுத்திருக்காங்க?"

"சைகை மொழி மேடம். காது கேக்காத பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குப் போனா, எங்க வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கத்துக் கொடுக்கறாங்க. மொத்தம் அறுபத்தஞ்சு வீடியோ. அடிவயிறு, மார்பு எல்லாம் கை வெச்சுக் காட்டணும்ல? இயந்திரம் அதை ஆபாச சைகைன்னு எடுத்துடுச்சு. கணக்கையே முடக்கிட்டாங்க."

கண்காணிப்பாளர் அம்மா பேனாவைத் தேடினார். அது காதில் செருகியிருந்தது.

"எழுதிக் கொண்டாங்க" என்றார்.

மெமோ நாலே நாளில் வந்தது. விசாரணைத் தேதி வர ஏழு வாரம் ஆயிற்று.

நடுவில் இன்னொரு தொல்லை. முறையீட்டாளருக்காக வழக்கறிஞரோ ரத்த உறவினரோதான் பேசலாம் என்று விதி. நடத்துனர் அவளுக்கு அண்ணிதான், ரத்த உறவு இல்லை. ஹலோ சார் அதை மெசேஜில் சொன்னதும் (இப்போது தன் சொந்தக் கைப்பேசியிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார், அதுவும் விதிக்கு விரோதம்தான்) நடத்துனர் உடனே அழைத்துவிட்டாள்.

"ரத்த உறவுன்னா இவ அண்ணன்தான் இருக்காரு. அவருக்கு சைகை சுத்தமா வராது. கூடப் பிறந்ததோட சரி. சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான் தெரியும்."

"நீங்க எப்படிம்மா கத்துக்கிட்டீங்க?"

"கல்யாணம் ஆகி வந்த முதல் வருஷமே கத்துக்கிட்டேன். நாத்தனார்கூட சண்டை போட வேணாமா?"

பல மாதத்துக்குப் பிறகு வேலை நேரத்தில் ஹலோ சார் சிரித்தார். அடுத்த மேசைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். கடைசியில் அண்ணியைப் பிரதிநிதி என்று போடாமல் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டு அனுப்பினார்கள். அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. யாரும் அப்படி யோசித்திராததால் எழுதவில்லை.

விசாரணை மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு கூட்ட அறையில் நடந்தது. குழுவின் உறுப்பினர் ஓய்வு பெற்ற நீதிபதி. மேசையில் தைல டப்பா ஒன்று. நிறுவனத்தின் வழக்கறிஞர் சுவரில் மாட்டிய திரையில் தெரிந்தார். இளைஞர். அன்றைக்கு அவருக்கு அது ஒன்பதாவது விசாரணை என்று அவரே சொன்னார். பதிவேட்டை எடுத்துக் கொடுப்பதற்காக ஹலோ சார் ஓரத்து நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்.

"உடலின் அந்தரங்கப் பகுதிகளைச் சுட்டும் சைகைகள் நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வருவதாகக் கணிப்பு" என்று வழக்கறிஞர் வாசித்தார்.

நீதிபதி தையல்காரியைப் பார்த்து, "ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்து, விரல்களை முறுக்கி, மூன்று விரல் காட்டி, பிறகு கையைக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தாள். வலி அவள் முகத்திலேயே இருந்தது.

"மூணு நாளா அடிவயித்துல முறுக்கற மாதிரி வலி, ரத்தம் போகுது" என்றாள் அண்ணி. நாத்தனாரின் கைகள் மறுபடி அசைந்தன. அண்ணி பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "கடையில எங்கூட தைக்கற பொண்ணு ஒருத்தி. அவளுக்கும் காது கேக்காது. இதைச் சொல்லத் தெரியாம ஆஸ்பத்திரியில வயித்தை மட்டும் தொட்டுக் காட்டியிருக்கா. அஜீரண மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் மயங்கி விழுந்தா. உயிர் பொழைச்சுது, ஆனா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம்தான் நான் இதை ஆரம்பிச்சேன். நாலு வருஷமா, கடை மூடற நாள்ல ஒண்ணு ரெண்டுன்னு எடுத்தேன்."

வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிறுவனத்துக்குப் பெரிய ஆட்சேபணை இல்லைங்க ஐயா. ஆனா இந்த முறையீடு ஏற்கெனவே முடிஞ்சது. மூணு அழைப்புக்கும் பதில் இல்லைன்னு பதிவு. மறுபடி திறந்தது செல்லுமான்னு மட்டும் தாங்கள் பாக்கணும்."

"அந்த மூன்றாவது அழைப்பு பதிவாகியிருக்கும் இல்லையா? போடுங்கள்" என்றார் நீதிபதி.

ஹலோ சார் இதை எதிர்பார்க்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு எழுதிய தாள் கோப்பில் இருந்தது. நீதிபதி அதைப் படித்திருந்தார். ஆனால் அந்த இரண்டு பெண்களும் படிக்கவில்லை. அவர்களுக்கு அவர் உதவி செய்கிற நல்ல மனிதர். போன வாரம்தான் அண்ணி, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று சொல்லியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் பதிவைத் தேடிப் போட்டார். தையல் இயந்திரத்தின் கடகட சத்தம். அது நின்றது. "ஹலோ" என்றது அவர் குரல். பிறகு அந்தக் குரல் வந்தது. இப்போது தெரிந்துகொண்டு கேட்கும்போது அதில் சொல் இருந்தது. கா... து. கே... கா... து. இரண்டு தடவை. உடனே மறுபடி அவர் குரல்: "யாருப்பா அது, விளையாட்டா? பிள்ளைங்க கையில ஃபோனைக் குடுத்துட்டு இவங்க எங்க போனாங்க? வை ஃபோனை!"

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன் நாத்தனாரின் குரலைக் கேட்டிருக்கிறாள். அதற்கு அடுத்த நொடியே இதைக் கேட்டிருக்கிறாள். அவள் முகம் சிவந்துவிட்டது. தையல்காரி அண்ணியின் தோளைத் தட்டி, என்ன, என்ன என்று கேட்டாள். அண்ணியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

ஹலோ சார் எழுந்தார். நீதிபதியிடம் அனுமதி கேட்டாரா என்பது அவருக்குப் பிறகு ஞாபகம் இல்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். 'அந்த ஃபோனில் பேசியவன் நான். அந்த வரியை எழுதியவனும் நான். அன்றைக்கு லீவு என்று பொய் சொன்னேன். மன்னிக்க வேண்டும்.' கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார்.

அவள் படித்தாள். பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினாள். அழகான, சாய்வில்லாத கையெழுத்து.

'தெரியும். அன்றைக்கே தெரியும். அண்ணி படித்தபோது எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்தீர்கள்.'

மன்னித்தேன் என்று அவள் எழுதவில்லை. எழுதுவாள் என்று எதிர்பார்த்து அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு நீதிபதியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உத்தரவு முறையீட்டாளருக்குச் சாதகமாக வந்தது. கணக்கைத் திருப்பித் தர வேண்டும், காரணம் சொல்லாமல் முடக்கியது தவறு என்று நீதிபதி மூன்று பக்கம் எழுதியிருந்தார். நிறுவனம் பதினைந்து நாளில் திருப்பித் தந்தது. ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேல் முடங்கிக் கிடந்த கணக்குகளில் பழையதை அவர்கள் சுத்தம் செய்துவிடுவார்களாம். அறுபத்தைந்தில் நாற்பத்தாறு திரும்பி வந்தது. பத்தொன்பது போனது போனதுதான். வந்த நாற்பத்தாறுக்கும் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று ஒரு திரை போட்டிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போக வேண்டும். அதற்குத் தனியாக முறையிடலாம், அதற்கும் முப்பது நாள் அவகாசம் என்று தெரிவித்தார்கள்.

"இன்னொரு தடவையா?" என்று அண்ணி ஃபோனில் கேட்டாள். கோபம் இல்லை, களைப்புதான். விசாரணைக்குப் பிறகு அவள் இவரிடம் பேசிய முதல் பேச்சு அது. "அவ வேணாங்கறா சார். அந்த நேரத்துல போனதைத் திரும்ப எடுத்துடலாம்னு சொல்றா. நான்தான் ஃபோனைப் பிடிச்சு எடுக்கறேன். என் டியூட்டி முடிஞ்சு வந்து எடுத்தா எனக்குக் கை ஆடுது. திட்டறா."

"கையால எப்படித் திட்டுவாங்க?"

"வாயால திட்டறதைவிட மோசமாத் திட்டுவா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஹலோ சாருக்கு அதோடு முடியவில்லை. ஒரு நாள் மதியம், அழைப்புகள் குறைவாக இருந்தபோது, தன் பெயரில் மூடிய கோப்புகளைப் பட்டியல் எடுத்தார். 'பதிலளிக்கவில்லை' என்ற காரணத்தோடு இந்த வருஷம் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாக முழு மனுவைத் திறந்தார். ஒருவர் பகலில் தூங்குகிற காவலாளி. மாலை நாலு மணிக்கு மேல் அழைக்கவும் என்று எழுதியிருந்தார். இவர் மூன்று தடவையும் காலையில் அழைத்திருந்தார். ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஒருவருடைய எண்ணில் ஒரு இலக்கம் குறைந்திருந்தது. அதைக் கூட யாரும் கவனிக்கவில்லை. இல்லாத எண்ணை மூன்று நாள் அழைத்திருக்கிறார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனார்.

"வேண்டாம்" என்றார் அந்த அம்மாள், பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே. "ஒண்ணைத் திறந்ததுக்கே எனக்குத் தூக்கம் போச்சு. இருநூறா?"

"திறக்க வேணாம் மேடம். மூடின உத்தரவோட நகலைத் தபால்ல அனுப்பணும்னு விதி இருக்கு. நாம மின்னஞ்சல்ல மட்டும் அனுப்பிட்டு இருக்கோம். நகலைத் தபால்ல அனுப்பினாப் போதும். கூடவே, பிழை இருந்தா எழுத்தில் தெரிவிக்கலாம்னு அச்சடிச்ச தாள் ஒண்ணு."

"நகல் அனுப்பறதுல யாரும் தப்புச் சொல்ல முடியாது" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல வேணாம். உறை தீர்ந்துடுச்சுன்னு ஸ்டோர்ல கத்துவான்."

பத்துப் பத்தாக அனுப்பினார். நாக்கு உலர்ந்து போகும் அளவுக்கு உறை ஒட்டினார். அவருடைய அன்றாட அழைப்பு நாற்பதிலிருந்து முப்பத்தொன்றாகக் குறைந்தது; அதற்கும் ஒரு மெமோ வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு உறையில் அறுபத்துநாலு 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தது. பதினேழு பேர் பதில் எழுதினார்கள்; அவர்கள் கோப்புகள் மட்டும் மறுபடி திறந்தன. மற்றவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

அந்தப் பதினேழில் ஒருவர் ஒரு புதன்கிழமை நேரிலேயே வந்தார். எழுபது வயதிருக்கும். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. ஹலோ சார் கீழே இறங்கிப் போய் அவரைக் கவுண்டருக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார். அவர் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'தொண்டையில் ஆபரேஷன். குரல் போய்விட்டது. நீங்கள் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன்.'

அவர் முன்பு பாசனத் துறையில் மதகுக் காவலராக இருந்தவர். வாய்க்கால் கரையில் விரிசல் விட்டிருப்பதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். பீதி கிளப்புவதாக அதை எடுத்துவிட்டார்கள்.

'முறையீட்டை வாபஸ் வாங்க வந்தேன்' என்று எழுதினார். 'கரை போன மாசம் உடைந்துவிட்டது. எங்கள் தெருவில் ஐந்து வீடு. இனி அந்த வீடியோ வந்து என்ன ஆகப்போகிறது?'

ஹலோ சார் வாபஸ் படிவத்தை எடுத்து வைத்தார். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். படிவத்தில் ஆறு கட்டம். முதல் கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினார்.

"ஐயா" என்றார் ஹலோ சார். பழக்கத்தில் கை தாளைத் தேடியது; அப்புறம்தான் கிழவருக்குக் காது கேட்கும் என்பது ஞாபகம் வந்தது. தாளில் எழுதப் போன கையை இழுத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லலாமா? நீங்க அதைப் போட்டது கரை உடையறதுக்கு நாலு மாசம் முன்னாடி. உங்க மனுவுல தேதியோட இருக்கு. நாளைக்கு யாராவது, எங்களுக்கு முன்னாடியே தெரியாதுன்னு சொன்னா, அது ஒண்ணுதான் உங்ககிட்ட இருக்கற சாட்சி."

கிழவர் பேனாவை மூடினார். மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றியது. பிறகு வாபஸ் படிவத்தை இரண்டாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, புதிய பக்கத்தைத் திருப்பினார்.

அவர் எழுதித் தருவதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கண்காணிப்பாளர் அம்மா மேலிருந்து ஃபோனில் சொன்னார். கிழவர் எழுதத் தொடங்கினார். எந்த மதகு, எத்தனையாவது கல், விரிசல் எத்தனை விரல் அகலம், யாரிடம் முதலில் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் கை நின்றது. ஹலோ சார் எதிரே உட்கார்ந்து, எழுதி முடிந்த பக்கங்களுக்கு எண் போட்டார். ஐந்தே முக்கால் ஆனபோது இரண்டாம் பக்கத்தில் பாதிதான் வந்திருந்தது. காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்குப் பயிற்சி வகுப்புன்னு எங்களை வேற இடத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை தலைமையகத்துலருந்து ஆய்வு" என்றார் ஹலோ சார். "திங்கட்கிழமை வர முடியுமா ஐயா? ரெண்டு பஸ் மாறணும்னு தெரியும்."

கிழவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா என்று தெரியவில்லை. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவரைக் காணவில்லை. பத்தரைக்கும் காணவில்லை. ஹலோ சார் அழைப்புகளை ஆரம்பித்தார். பதினொன்றரைக்குக் கிழவர் கதவருகே வந்து நின்றார். பேருந்து தாமதம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தாளைத் தூக்கிக் காட்டினார். ஹலோ சார் ஃபோனை வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.